மலையில் முளைக்கிற கீரைகள்: சத்தைக் காப்பது எப்படி, எவற்றை ஒதுக்குவது?

அட்டன்_தாய்சேய் (கேள்வி)

தோட்டத்துக் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு போசாக்கு வகுப்பு நடத்த வேண்டும். சும்மா முளைத்துக் கிடக்கிற வல்லாரை, முள்ளுக்கீரை, மணத்தக்காளி, சேம்பு இலை, சௌசௌ கொழுந்து, முயற்செவி, ஓடைக்கரைப் பன்னம் இவற்றைப் பற்றிச் சொல்ல நினைக்கிறேன். எதைப் பச்சையாகச் சாப்பிடலாம், எதை அவித்து நீரைக் கொட்ட வேண்டும்? இரத்தச்சோகைக்கு உதவுமா? மூலிகைக் குணம் என்கிறார்களே, அதில் எவ்வளவை நம்பிச் சொல்லலாம்?

கந்தப்பளை_தோட்டம்

அக்கா, எல்லாக் கீரையையும் அவித்து நீரைக் கொட்டச் சொல்லிவிடாதீர்கள். கர்ப்பிணிக்கு முக்கியமான ஃபோலேற்றும் விற்றமின் சீயும் அந்த நீரோடுதான் போகும்.

வல்லாரைக்குச் சம்பல்தான் சரி. முழு இலையாகக் கழுவி, பிறகு பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப்புளி போட்டு உடனே சாப்பிட வேண்டும். சௌசௌ கொழுந்தில் பற்றுச்சுருளையும் நாரையும் நீக்கி ஐந்து நிமிடம் வதக்கினால் போதும்.

முள்ளுக்கீரை வேறு கதை. அதில் ஒட்சலேற்று அதிகம். கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. 250 கிராம் இலைக்கு 2 லீற்றர் கொதிநீர், மூடாமல் 3 நிமிடம், நீரைக் கொட்டிப் பிழிந்து சுண்டல் செய்யலாம். கொஞ்ச நீரில் அவித்தால் பயன் குறைவு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

சேம்பு இலையில் அரிப்பைத் தருவது ஊசி போன்ற பளிங்குகள். அவை நீரில் கரையாதவை, அதனால் நீரை மாற்றினால் மட்டும் அரிப்புப் போகாது. விரியாத இளம் இலையாக எடுத்து, கொறுக்காய்ப்புளி சேர்த்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிடுங்கள். சமைக்கிற சேம்பை அடையாளம் தெரிந்தவர்தான் பறிக்க வேண்டும். காட்டுச் சேம்பெல்லாம் உணவாகாது.

மணத்தக்காளி இலையை நன்றாக அவித்து நீரைக் கொட்டலாம். அதன் பச்சைக்காயில் சொலனின் வகை நஞ்சு உண்டு, சூட்டில் எளிதில் அழியாது. பிள்ளைகள் கறுத்துப் பழுத்ததை மட்டும் தின்னட்டும்.

ஊவா_காற்று

மேலே சொன்னது சரி. ஆனால் பறிக்கும் இடத்தைப் பேசாமல் வகுப்பை முடிக்க வேண்டாம்.

கிளைபோசேற் என்ற களைநாசினி இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதிக்கப்பட்டது. அது இலைக்குள் இறங்கும் மருந்து, கழுவினால் போகாது. அடித்த பிறகு இலை மஞ்சளாகப் பல நாள் எடுக்கும், நம் மலையின் குளிரிலும் மப்பிலும் இன்னும் தாமதமாகும். அதுவரை கீரை பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். ஆகவே தேயிலை நிரைக்குள்ளும் மருந்து அடிக்கிற பாதையோரத்திலும் பறிக்கவே கூடாது.

லயத்துக் கழிவுநீர் ஓடுகிற கானோர வல்லாரையும் வேண்டாம். பச்சையாகச் சாப்பிடுவதால் புழு முட்டையும் கிருமியும் நேராக வயிற்றுக்குப் போகும், உப்புநீரில் ஊறவைப்பது அவற்றைக் கொல்லாது. கணு உள்ள கொடித்துண்டுகளை மண் நிரப்பிய சாக்கில் அரைநிழலில் நட்டால் வீட்டுக்குப் போதுமானது கிடைக்கும்.

முயற்செவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அக்கா. இலைக்கஞ்சியில் போடும் வழக்கம் உண்டுதான். ஆனாலும் அதில் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் அல்கலோயிட்டுகள் இருக்கின்றன, அவிப்பதால் தீராது. கர்ப்பிணிக்கு அந்த ஆபத்து தேவையே இல்லை.

பன்னத்தில் மீவன என்ற வகையை மட்டும் பறிக்கலாம். அது ஈரமான ஓடைக்கரையில் ஒரே தூரிலிருந்து கொத்தாக வரும், அடித்தண்டில் கபிலநிறச் செதிள் இருக்கும். காய்ந்த புல்மலையில் தனித்தனித் தண்டாக, மெல்லிய ரோமத்தோடு சுருண்டு வருவது வேறு பன்னம். அதில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் உண்டு, அவித்தாலும் முழுதாக நீங்காது.

அட்டன்_தாய்சேய்

நன்றி அண்ணே. இரும்புச்சத்துக்கும் மூலிகைக் குணத்துக்கும் யாராவது சொல்லுங்கள்.

இலைக்கஞ்சி

கீரை இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். அதைக் கூட்டுவது தேசிக்காய்ப்புளி, கெடுப்பது பிளேன்டீ. சோற்றோடு தேநீர் குடித்தால் சேரும் அளவு பாதிக்கும் கீழே போகலாம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் கீரை கூடுதலாகச் சாப்பிடுவதை விட இந்த ஒரு பழக்கம் பெரிய பலன் தரும் என்பதே என் கருத்து. மாசியோ நெத்தலியோ கொஞ்சம் சேர்ந்தாலும் இரும்பு நன்றாகச் சேரும். விற்றமின் ஏ தரும் கரோட்டினுக்குக் கொழுப்பு வேண்டும், ஆளுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது கொஞ்சம் தேங்காய்ப்பால் போதும்.

மூலிகைக் குணம் பற்றி: வல்லாரையில் உள்ள ஏசியாட்டிகோசைட் என்ற பொருள் காயம் ஆற உதவுவதாக வந்த ஆய்வுகள் பெரும்பாலும் செறிவூட்டிய சாரத்தில் செய்யப்பட்டவை. ஒரு பிடிச் சம்பலுக்கு அதே பலனைச் சொல்ல முடியாது. வல்லாரை மாத்திரைகளால் ஈரல் பாதித்த சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் உள்ளன. கர்ப்பிணிகள் சம்பலோடு நிற்கட்டும். மாத்திரையும் தினசரிச் சாறும் வேண்டாம்.

மருத்துவிச்சி கொடுக்கிற இரும்பு மாத்திரையை எந்தக் கீரைக்காகவும் நிறுத்தக் கூடாது. அதைத் தேநீரோடு விழுங்கக் கூடாது, கல்சிய மாத்திரையோடும் சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும்.