எந்தக் கட்டுரை கொடுத்தாலும் ஒரே அச்சு, அமைப்ப எப்படி சொல்லிக் கொடுக்கிறீங்க?

டியூஷன்_அக்கா:
வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்துல இருந்து வெளிய வந்த குடும்பங்க இருக்கிற தாமான்ல (குடியிருப்புப் பகுதி) டியூஷன் எடுக்கிறேன், ஆறாம் ஆண்டும் படிவம் மூணும் கலந்து. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் முன்னுரை, மூணு கருத்து, ஒரு திருக்குறள், முடிவுரை, அவ்வளவுதான். நட்புக் கடிதத்துல கூட "முதலாவதாக, அடுத்ததாக"ன்னு எழுதுறான், எந்தக் கூட்டாளி அப்படி எழுதுவான்? தன்கதை எழுதச் சொன்னா "நான் ஒரு சைக்கிள்"னு ஆரம்பிச்சு சைக்கிளோட நன்மைகள்ல போய் முடியுது. ஃபார்மட் ஷீட் அடிச்சுக் கொடுத்தேன், அதையும் மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் பரீட்சைய 2021லயே நிறுத்தியாச்சு, இந்தப் பழக்கம் மட்டும் போகல.

செம்பனைக்காட்டான்:
அக்கா, ஷீட்ட முதல்ல ஒளிச்சு வைங்க. ஒரே விஷயத்த ஆள மாத்தி மாத்தி எழுத விடுங்க. நான் லோங்காங் (சாக்கடை) அடைச்சத கொடுப்பேன், அது இல்லாத தாமானே இல்ல. மஜ்லிசுக்கு, அதான் ஊராட்சி மன்றத்துக்கு, எழுதுறதுன்னா அங்க உக்காந்திருக்கிறவருக்கு நம்ம கோவம் வேணாம், எந்த ரோடு, எத்தன நாளா, என்ன செய்யணும், அதுதான் வேணும், அதனாலதான் அதிகாரப்பூர்வக் கடிதத்துல தலைப்ப மேலயே கோடு போட்டு எழுதுறோம், ரெண்டாவது பத்தில இருந்து எண் போடுறோம், பதில் எழுதுறவரு "உங்க 3ஆம் பத்தி"ன்னு சுலபமா சொல்லிடலாம். அதே லோங்காங்க ஈப்போல இருக்கிற கூட்டாளிக்கு எழுதுனா நாத்தத்துல இருந்தே ஆரம்பிக்கலாம், பாட்டி வழுக்கி விழப் போனத சொல்லலாம், எண் போட்டா சிரிப்பான். நாட்குறிப்புன்னா அன்னிக்கி நடந்தது மட்டும், நாளைக்கு மஜ்லிஸ் லோரி வரும்னு தெரிஞ்ச மாதிரி எழுதக் கூடாது, பசங்க இங்கதான் மாட்டுவாங்க. செயலறிக்கை கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேந்து துப்புரவு பண்றது) முடிஞ்ச பிறகு, வராதவனுக்கும் புரியற மாதிரி தேதி, இடம், நடந்தது, கீழ "அறிக்கை தயாரித்தவர்".

கிராணி வீட்டுப் பேரன்:
கொஞ்சம் மாறுபடுறேன் லா. எழுத வராத பிள்ளைக்கு ஷீட் வேணும், வெறுந்தாள பாத்தாலே பயந்துரும். ஷீட்ல இடத்த மட்டும் காட்டுங்க, வாக்கியத்த கொடுக்காதீங்க.
அப்புறம் டீச்சர், உங்க ஊர்க்காரரு, பழைய அமைச்சர் துன் சம்பந்தன் இருக்காரே. 1919ல பிறந்தாரு, 1979ல மறைஞ்சாருன்னு எழுதுனா அது வாழ்க்கை வரலாறு, கால வரிச போதும். அதே பையன்கிட்ட "அவரு ஆரம்பிச்ச தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஏன் தேவப்பட்டுச்சு"ன்னு கேளுங்க, அந்த வரிச உதவாது. சுதந்திரத்துக்கு அப்புறம் வெள்ளக்கார முதலாளிங்க தோட்டத்த துண்டு துண்டா வித்தாங்க, வேல போச்சு, வேலையோட தோட்டத்துல கொடுத்த லயத்து வீடும் போச்சு, அதனால 1960ல தொழிலாளிங்ககிட்டயே பணமா மாசம் பத்து வெள்ளி சேத்து தோட்டத்த வாங்க ஒரு சங்கம். "அதனால" எங்க விழுதுன்னு கோடு போடச் சொல்லுங்க, அதுதான் அந்தக் கட்டுரையோட எலும்பு. எங்க தாத்தா அந்தப் பத்து வெள்ளிய பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு, அது வேற.

பால்மரத்துப்_பொண்ணு:
தன்கதைக்கு மட்டும் சொல்றேன்க்கா. பேசுற பொருளுக்கு ஏதாவது ஒண்ணு கைவிட்டுப் போயிருக்கணும், இல்லன்னா நன்மைகள்லதான் போய் நிக்கும். சைக்கிள விடுங்க, பால்மங்கு கொடுங்க, ரப்பர் மரத்துல பால் பிடிக்கிற கிண்ணம். பால்மரத்த வெட்டிட்டு செம்பனை நட்டப்ப மங்குக்கு வேல இல்ல, இப்ப எங்க கிடக்குது, யார்கிட்ட பேசுதுன்னு கேட்டா கத தானா வரும்.

டியூஷன்_அக்கா:
நன்றி நன்றி. இந்த வாரம் லோங்காங்தான். உரைக்கு ஏதாவது இருக்கா? "அவைத்தலைவர் அவர்களே"க்கு அப்புறம் அப்படியே கட்டுரையாயிடுது.

செம்பனைக்காட்டான்:
அக்கா, உரைய கேக்குறவங்க பின்னால திருப்பிப் படிக்க முடியாதுல்ல. அதனால பேசப் போறத முதல்லயே சொல்லணும், முக்கியமானத ரெண்டு தடவ சொல்லணும். எழுதுனத நின்னு சத்தமா படிக்க விடுங்க, மூச்சு முட்டுற இடத்துல வாக்கியத்த வெட்டச் சொல்லுங்க.