சுவாதீன மீட்பா, நிரந்தரத் தடையா?

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தள்ளிப்போட்டு 3 சென்ட்டை வளைத்துக்கொண்டால், நிரந்தரத் தடை வழக்கு போதுமா? ‘சுவாதீன மீட்பு’ என்றால் என்ன?

பதில் 1: நிலம் உங்கள் அனுபவத்தில் (கைவசத்தில்) இருந்தால்தான் தடை, அதாவது ‘நிலத்தில் தலையிடாதே’ என்ற கோர்ட் உத்தரவு. கைவிட்டுப் போனபின் தடை மட்டும் கேட்டால் வழக்கு நிற்காது சார். நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கக் கேட்பதுதான் சுவாதீன மீட்பு. எதிராளி உங்கள் உரிமையையே மறுத்தால் விளம்புகைப் பரிகாரமும் (நிலம் உங்களுடையதுதான் என்று கோர்ட் அறிவிக்கக் கேட்பது) சேருங்கள்.

பதில் 2: பறிபோய் 6 மாதத்துக்குள் என்றால் 1963 ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 6. பத்திர உரிமையை நிரூபிக்க வேண்டாம். முன் அனுபவமும், சம்மதமில்லாமல் சட்டவிரோதமாக வெளியேற்றியதும் போதும். தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அரசுமீது போட முடியாது. 6 மாதம் தாண்டினால் பிரிவு 5, உரிமை அடிப்படையில். எதிரிடை அனுபவம் (உங்கள் உரிமைக்கு எதிராக, தன்னுடையது போல அவர் நிலத்தை வைத்திருப்பது) தொடங்கி 12 வருஷம் வரை கெடு.

பதில் 3: பலர் கோட்டைவிடுவது சொத்து விவரத்தில். முழு சர்வே நம்பரையும் எழுதிவிட்டு டிகிரி (தீர்ப்பாணை) வாங்கினால், அமீனா (அதை நிறைவேற்றும் கோர்ட் ஊழியர்) எந்தத் துண்டை எடுத்துக் கொடுப்பார்? கமிஷனர் (நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிப்பவர்) கேட்டு மனு போட்டு, சர்வேயரை வைத்து அளந்து, ஆக்கிரமிப்புப் பகுதியை நான்கெல்லையோடு பிளானில் தனியாகக் குறித்துவிடுங்கள்.