பால்வாடிக்கு டிவி வாங்கும் முன்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம்மூர் பால்வாடிக்கு ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்து, சுவரில் கார்ட்டூனும் வரைந்து தரலாம் என்று துபாய் நண்பர்கள் எழுதியிருந்தார்கள். நல்ல மனசு. பணமும் சேர்ந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே இல்லாதது டிவி அல்ல, கேட்பதற்கு ஆள்.

பொங்கலுக்குப் போனபோது கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தேன். பேசின் புதுசு, பிள்ளைகள் உட்காரத் தோதான சின்ன அளவுதான். தண்ணீர்க் குழாய் மட்டும் இழுக்கவில்லை. அதனால் உள்ளே பழைய பாய், காலிச் சாக்கு, ஓடாத எடை மெஷின். மேல்நிலைத் தொட்டி கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. பிள்ளைகள் வேலியோரம் ஒதுங்குகிறார்கள். எடை போடுவதற்கு டீச்சரம்மா பக்கத்து ஊர் மையத்திலிருந்து மெஷினை இரவல் வாங்கி வருகிறாராம். குழாயைப் பற்றிக் கேட்டால், "மேலே எழுதிட்டேன் தம்பி, அது பஞ்சாயத்து வேலைங்கிறாங்க" என்றார். பஞ்சாயத்து ஆபீசில், "அது அவங்க டிபார்ட்மெண்ட் கட்டடமாச்சே" என்றார்கள்.

பணியாளர், மாவு, முட்டை, பதிவேடு எல்லாம் சமூக நலத் துறையின் குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வருகின்றன. தண்ணீரும் சாக்கடையும் ஊராட்சியுடையவை. நடுவில் விழுவது யாருடையதும் அல்ல. மேற்பார்வையாளர் ஒருவர் தலையில் இருபது, இருபத்தைந்து மையங்கள். அவர் வந்தால் ரிஜிஸ்டரைப் பார்ப்பார், 2021-லிருந்து போஷன் டிராக்கர் என்ற மத்திய அரசின் ஊட்டச்சத்துப் பதிவுச் செயலியையும் பார்ப்பார். இரவல் மெஷின் இரண்டிலும் தெரியாது.

ஊராட்சிக்கு இதில் உரிமை இல்லை என்று நினைக்க வேண்டாம். அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தத்தோடு வந்த பதினோராம் அட்டவணையில் மகளிர், குழந்தைகள் நலம் 25-வது இனம். 2011-ல் மத்திய அரசு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றது. வார்டு உறுப்பினர் தலைவர், கூடுமானவரை பெண்ணாக இருக்க வேண்டும், தாய்மார்களும் உறுப்பினர்கள், மாதம் ஒரு கூட்டம். நம்மூரில் அப்படி ஒரு குழு கூடியதாக யாரும் சொல்லவில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அங்கு குறிப்பிட்ட அளவு கலோரியும் புரதமும் உள்ள உணவு கிடைக்க வேண்டும். அதே சட்டத்தின் 28-வது பிரிவு, சமூகத் தணிக்கை, அதாவது திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று மக்களை வைத்தே சரிபார்ப்பது, அதை நடத்தும் பொறுப்பை உள்ளாட்சியிடமும் கொடுத்திருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 சனவரி 5-ம் தேதி முடிந்துவிட்டது, நம் மாவட்டமும் அதில் அடக்கம். இப்போது தனி அலுவலர் நிர்வாகம். வார்டு உறுப்பினரே இல்லாதபோது குழுவுக்குத் தலைவர் ஏது? ஆனாலும் கிராம சபை நிற்கவில்லை. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் தாய்மார்கள் நாலு பேர் எழுந்து கேட்டால், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். நம் டிவியைவிட அதற்கு வலு அதிகம்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டும். பள்ளிகளையும் குழந்தைக் காப்பகங்களையும் ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பின் அறிக்கையை யாரும் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஆய்வாளரை நேரில் நிறுத்திக் கேள்வி கேட்க எனக்கு ஒரு சபை கிடையாது. ஊரில் இருப்பவர்களுக்கு அது இருக்கிறது, அதில் போய் உட்காரத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று. வேன் ஏறி டவுன் நர்சரிக்குப் போகும் மூன்று வயதுப் பிள்ளைகள் வருஷா வருஷம் கூடுகிறார்கள், நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகள் உட்பட. வசதியுள்ளவர்கள் விலகிப் போனால் கேட்கும் குரலும் கூடவே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது கூலிக்குப் போகும் அம்மாக்கள். வேலை நாளில் ஆபீஸ் வாசலில் நிற்க அவர்களுக்கு எப்படி முடியும்?

ஆகவே என் யோசனை: டிவியைத் தள்ளி வைப்போம். எடை மெஷின் வாங்க வேண்டுமானால் சங்கப் பணத்தில் வாங்கலாம், அதுகூட மனு கொடுத்துப் பார்த்த பிறகு. குழாய்க்கு ஒரு பைசாவும் கொடுக்கக் கூடாது, அது ஊராட்சி செய்ய வேண்டிய வேலை. மனுவில் மூன்று கோரிக்கை போதும்: குழாய் இணைப்பு, கண்காணிப்புக் குழு, சமூகத் தணிக்கைக்குத் தேதி. வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். ஆடி மாதம் ஊருக்குப் போகிறவர்கள் யார் யார்? கீழத்தெரு, காலனி இரண்டு பக்கத்துத் தாய்மார்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு தெருவோடு நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்,
லெஸ்டரிலிருந்து உங்கள் சகோதரன்