ஆண்டிருப்பு வேறுபாடு: நொதிமதுக் கணக்கிற்கு ஒரு சொல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வட்டாரத்தில் உள்ள வைன், பியர், சைடர் முதலிய நொதித்த பானங்களின் இருப்பு சென்ற ஆண்டைவிட எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று காட்டும் எண்ணுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டுமென்று கல்முனைத் தம்பி கேட்டிருந்தார். வந்த ஆலோசனைகள் அனைத்தையும் படித்தேன். ஐரோப்பிய விவசாய அட்டவணைகளைத் தமிழாக்கும் எவருக்கும் இந்தச் சொல் உடனடித் தேவை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி முன்வைத்த 'இருப்பு மாற்றம்' சீமெந்துக்கும் சீனிக்கும் பொருந்தும். நொதித்த பானத்தில் அது தடுமாறுகிறது. பீப்பாயில் கிடக்கும் வைன் ஓரிடத்தில் இருந்தபடியே மாறுகிறது. துவர்ப்பு தணிகிறது, மரத்தின் வழியே ஒரு பகுதி ஆவியாகிறது, காற்றுப் பட்டால் வினாகிரியாகிவிடுகிறது. அங்கே 'இருப்பு மாற்றம்' என்று எழுதினால் தரம் மாறியதா, அளவு மாறியதா என்று வாசகர் கேட்பார். நமக்கு வேண்டியது இரண்டு அளவுகளைக் கழித்து வரும் எண். அதற்கு 'வேறுபாடு'தான் நேரான சொல்.

களுவாஞ்சிக்குடி அக்கா 'மீதி' போதும் என்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. மீதி என்றால் விற்காமல் எஞ்சியது என்ற எண்ணம் வரும். பிரான்ஸின் ஷாம்பெயின் வைன் வட்டாரத்தைப் பாருங்கள். அறுவடை ஆண்டு குறிக்கப்படாத ஷாம்பெயினைக் குறைந்தது 15 மாதமும், ஆண்டு குறிக்கப்பட்டதை 3 ஆண்டும் முதிரவைத்த பிறகே விற்கலாம் என்பது அங்குள்ள விதி. ஆகவே 100 கோடிக்கும் மேற்பட்ட போத்தல்கள் எப்போதும் நிலவறைகளில் இருக்கின்றன. அவை விலைபோகாமல் தேங்கியவை அல்ல, அந்தத் தொழிலே அந்த இருப்பின்மேல்தான் நிற்கிறது. சங்கப் பாடல்களில் 'நாட்படு தேறல்' (நாள்பட்ட தெளிந்த மது) என்ற தொடர் வருகிறது. நாள்பட வைப்பது மதிப்பைக் கூட்டும் என்பதை நம் முன்னோரும் அறிந்தே இருந்தார்கள்.

'தொக்கு' என்பது இலங்கையில் நம் ஊர்க் கணக்கியலில் இருப்பைக் குறிக்கப் பழகிய சொல்தான். தமிழ்நாட்டு வாசகருக்கோ அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டம். இரு கரையிலும் ஒரே பொருள் தரும் 'இருப்பு' இருக்கும்போது அதையே கொள்வோம்.

சம்மாந்துறை நானா, நெல் சூடடிக்கும் களவெட்டியில் குவியும் நெல்லைக் குறிக்கும் 'பொலி'யை எடுத்துத் தந்திருந்தார். மிக அழகான சொல். ஆனால் பொலி பெருக்கத்தை மட்டுமே வாழ்த்தும். நமது எண் குறையவும் செய்யும். இருந்தாலும் நானாவின் அந்த மடல்தான் எனக்கு வழி காட்டியது. பெரும்போக நெல் தை, மாசியில் வீடு வருமுன், பட்டறையில் (நெற்களஞ்சியத்தில்) கிடக்கும் பழைய நெல்லை அளந்துவிட்டால்தான் போன போகத்தின் கணக்கு முடியும். புது நெல் வந்து விழுந்தபின் அளந்தால் இரண்டும் கலந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வைன் ஆண்டும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. அது ஆகஸ்ட் 1இல் தொடங்கி யூலை 31இல் முடிகிறது; திராட்சை அறுவடை அதற்குப் பிறகு வருகிறது. யூலை 31இல் கையில் உள்ள வைனை உற்பத்தியாளரும் வியாபாரிகளும் அறிவிக்க வேண்டும். அந்த நாளின் அளவுக்கு 'ஆண்டிருப்பு' என்று பெயரிடலாம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டிருப்புகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது 'ஆண்டிருப்பு வேறுபாடு'. சனவரி முதல் டிசம்பர் வரையான ஆண்டு என்று எவரும் மயங்காதபடி, அட்டவணைத் தலைப்பிலேயே நாளைக் குறிப்பது நல்லது.

கூடினால் 'ஏறிருப்பு', குறைந்தால் 'இறங்கிருப்பு' என்று வினைத்தொகையாகச் சொல்லலாம் என்பது என் விருப்பம். எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று இந்தச் சொற்கள் தாமாக எதையும் கூறுவதில்லை. அதுவே அவற்றின் பலம். 2017ஆம் ஆண்டு வசந்தகால உறைபனி மேற்கு ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைத் தாக்கியது. விளைச்சல் குன்றும் அத்தகைய ஆண்டுகளில் பழைய இருப்பைத்தான் எடுத்து விற்பார்கள். 2023இலோ நிலைமை வேறு. தேங்கிய வைனைச் சந்தையிலிருந்து அகற்ற பிரான்ஸ் 20 கோடி யூரோ ஒதுக்கியது. வாங்கிய வைன் கைகழுவும் திரவத்துக்கும் வாசனைப் பொருட்களுக்கும் வேண்டிய மதுசாரமாக வடிக்கப்படும் என்றார்கள். இரண்டு வழியிலும் இருப்பு இறங்கும். ஆனால் இரண்டாவதில் ஒரு சொட்டும் அருந்தப்படவில்லை. எனவே 'நுகர்வு' என்ற சொல்லை இந்தப் பெயருக்குள் நுழைக்க வேண்டாம்.

பானத்தின் பெயருக்கு வருகிறேன். 'நொதிபானம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நாம் நொதியம் (enzyme) என்று படித்ததைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நொதி என்கின்றன; அங்கே நொதிபானத்தை மருந்து என்று எண்ணக்கூடும். 'நொதிமது' என்றால் மயக்கம் குறைவு. நொதித்தபின் காய்ச்சி வடிக்கப்படாத மது என்று வரையறுத்துவிட்டால் சாராயமும் விஸ்கியும் வெளியே நின்றுவிடும்.

நம் கள் இதற்குள் அடங்குமா என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறேன். பெயரளவில் அடங்கும், அதுவும் நொதிமதுதான். கணக்கில் அதற்கு இடமில்லை. முட்டியில் வடியும்போதே நொதிக்கத் தொடங்கி, மறுநாளே புளித்து, விட்டால் வினாகிரியாகும் பானத்துக்கு ஆண்டிருப்பு ஏது? தென்னங்கள்ளைச் சாராயமாக வடித்து மரப்பீப்பாயில் வைத்தால் இருப்பு உண்டு, ஆனால் அது வடிமதுவின் அட்டவணைக்குப் போய்விடும்.

'ஏறிருப்பு', 'இறங்கிருப்பு' என்ற புணர்ச்சி வடிவங்கள் படிக்க இடறுகின்றனவா என்று இலக்கணம் கற்றவர்கள் சொல்லுங்கள். இடறினால் 'ஏறிய இருப்பு', 'இறங்கிய இருப்பு' என்று பிரித்து எழுதவும் எனக்குச் சம்மதமே.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து