மலைச்சரிவுப் படங்கள் வைத்திருக்கும் பினாங்குக்காரர்கள் உதவுங்கள்

வணக்கம். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா (Tanjung Bungah) பகுதியில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன்பிறகு தீவின் சரிவுகளில் எங்கெல்லாம் மண் வெட்டப்பட்டது என்று ஒரு புலனாய்வுச் செய்திக்காகத் தொகுக்கிறோம். பழைய படங்கள் இருந்தால் தாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி, இட விவரம் அழிந்துவிடும். 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். தேதி உறுதியாகாத படம் செய்திக்கு ஆதாரமாகாது.

மாநில அரசின் ஆவணங்களைக் கேட்டுப் பெற உதவும் பினாங்கு மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் விண்ணப்பித்த அனுபவமுள்ளவர்களும் வழிகாட்டுங்கள். நிலத்தின் லாட் எண், ஆண்டு, ஆவண வகை குறிப்பிட்டுக் கேட்கப்போகிறோம்.

அரசு, நிறுவன அலுவலகங்களுக்குள் இருந்துகொண்டு எங்களுக்குத் தகவல் தர நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க அமைப்பிடம் புகார் செய்பவரைத்தான் காக்கும், செய்தியாளரிடம் கொடுப்பவரை அல்ல. முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். உங்கள் வேலையைவிட எங்கள் செய்தி பெரிதல்ல.