டொயோட்டா ஹைலக்ஸ் (எல்என்106 மொடல்): காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. டீசல் பம்பைக் கழற்றலாமா?

படுவான்கரை கெப்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1994 ஹைலக்ஸ் டபுள் கெப், ‘3எல்’ என்கிற டீசல் எஞ்சின், அப்பா காலத்து வாகனம். வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம், வயல் அதற்கும் அப்பால். விதைநெல், உரம், வேலைக்கு வருகிற ஆட்கள் எல்லாம் இதில்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு விலை ஏறிய ஏற்றத்தில் வேறொன்று வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். இருப்பதையே உருப்படியாக்குவோம் என்று 31 அங்குல டயர், தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் உயரத்திலிருந்து காற்று எடுக்க ஸ்னோர்க்கல் குழாய், புது ஷொக் எல்லாம் போட்டேன். பார்க்க மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. ஓடத்தான் மாட்டேன் என்கிறது.

இரவு நின்றால் காலையில் பத்துப் பதினைந்து தரம் செல்ப் அடிக்க வேண்டும். பில்டருக்கு மேல் இருக்கும் கைப்பம்பை இருபது முப்பது தரம் அமுக்கிவிட்டு அடித்தால் உடனே பிடிக்கும். போன கிழமை செங்கலடியால் ஏறி மகாஓயா, பிபிலை தாண்டிப் பதுளைக்குப் போனேன். லுணுகலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் கூட இழுவை இல்லை. கறுப்புப் புகையும் இல்லை, சும்மா சோர்ந்து போகிறது. டீசல் பில்டர் புதிது. கீழே ஒரு சொட்டு ஒழுக்குக் கூட இல்லை.

டீசல் பம்ப் வேலை செய்யும் ஒரு கடையில் கேட்டேன். பார்க்காமலே பம்பும் நொசிலும் போய்விட்டன, ஒரு இலட்சத்துக்கு மேல் வரும் என்றார்கள். கழற்றிக் கொடுப்பதா?

கல்லடிப் பாலம்:
3எல் எப்போதுமே மெதுவான எஞ்சின்தானே மச்சான். 31 அங்குல டயர் போட்டால் இன்னும் சோரும். ஒரு டர்போ வைத்துவிடு, எல்லாம் சரி.

அக்கரைப்பற்று டீசல்:
டர்போவைப் பிறகு பார்க்கலாம். தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. கைப்பம்பை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிறது என்றீர்களே, அதுதான் விஷயம். பம்ப் செத்திருந்தால் கையால் அமுக்கி என்ன பயன்? இரவில் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்குகிறது, அந்த இடத்தில் காற்று ஏறி நிற்கிறது. நீங்கள் அமுக்கும்போது அந்தக் காற்றைத்தான் வெளியே தள்ளுகிறீர்கள்.

ஒழுக்கு இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். இந்த எஞ்சினுக்கு டாங்கியில் தள்ளுகிற பம்ப் கிடையாது. எஞ்சினுக்கு டீசல் அடிக்கிற இன்ஜெக்ஷன் பம்புக்குள், அதாவது கடைக்காரர் கழற்றச் சொன்ன பம்புக்குள், இருக்கும் சின்னப் பம்ப்தான் டாங்கியிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரை காய்ந்தே இருக்கும். இது தெரியாமல் நல்ல பம்பைக் கழற்றியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் செலவில்லாத சோதனை. மேசன்மார் மட்டம் பார்க்கிற தெளிவான குழாய் ஒரு முழம் வாங்கி, பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் ஹோஸைக் கழற்றிவிட்டு அதைப் போடுங்கள். கிளிப்பை நன்றாக இறுக்குங்கள். ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டரைக் கொடுத்துக்கொண்டே குழாயைப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்றுத்தான். பார்த்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள், அந்த ரகக் குழாய் டீசலில் கிடந்தால் விறைத்துப் போகும்.

குமிழி இருந்தால் அடுத்த சோதனை. ஐந்து லீட்டர் கேனில் நல்ல டீசல் எடுத்துப் பொனெட்டை விட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேரே பில்டருக்கு ஹோஸ் கொடுங்கள். அதோடு ஓடும்போது குமிழி நின்றால் பழுது டாங்கிக்கும் பில்டருக்கும் நடுவில். நிற்காவிட்டால் பில்டர் ஹெட்டில், கைப்பம்பின் ரப்பரில்.

அப்புறம் ஒன்று: டாங்கி பாதிக்குக் கீழே போனால் கரைச்சல் கூடுகிறதா? மூக்கு மேலே தூக்கி நிற்கிறமாதிரி ஏற்றத்தில் நிறுத்தினால்?

படுவான்கரை கெப்:
நானா, இரண்டுக்கும் ஆம். வீட்டு வாசல் சரிவுதான், மூக்கு மேலே. டாங்கி நிறைய இருந்த நாட்களில் ஓரளவு நல்லாகவே பிடித்தது, நான் அதை யோசிக்கவே இல்லை.

வாகரைக் காட்டான்:
ஸ்னோர்க்கல் போட்டவர் தண்ணீரில் இறக்காமல் இருந்திருக்க மாட்டார். டிஃப் ஒயில், அதுதான் அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுழற்றுகிற கியர்ப் பெட்டியின் ஒயில், பார்த்தீர்களா? ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீருக்குள் போனதும் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கி, சீலாலும் பிறீதர் என்கிற மூச்சுத் துளையாலும் தண்ணீரை இழுத்துவிடும். இந்த மொடலுக்கு முன்னாலும் முழு அச்சு, முன் பின் இரண்டு டிஃப்பிலும் ஒயில் வடிக்கிற நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் உடனே மாற்ற வேண்டும். பிறீதருக்கு ஒரு ஹோஸ் மாட்டி எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கட்டிவிடுவது ஸ்னோர்க்கலை விட முக்கியம். எல்லாரும் கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் முதலில் போடுகிறார்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்றும் பாருங்கள். 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை. அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும், பிறகு இந்த இழைக்கே வேலை இல்லை.

படுவான்கரை கெப்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். குழாயில் சோடாப் போத்தல் மாதிரிக் குமிழி. கேன் சோதனையில் முக்கால்வாசி நின்றது, முழுதாக நிற்கவில்லை. கைப்பம்பைக் கழற்றினேன், ரப்பர் வெடித்திருந்தது. மாற்றினேன். காலையில் பத்துத் தரம் அடித்தது நாலு தரமானது. ஏற்றப் பிரச்சினை அப்படியே.

அக்கரைப்பற்று டீசல்:
ஓட்டை இரண்டு இடத்தில். பெரியது பின்னால் இருக்கிறது. டாங்கியை இறக்குங்கள். மேல் பக்கம் டீசல் எடுக்கிற குழாய் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். வயல் சேறு டாங்கிக்கு மேலே போய்க் குந்தினால் எந்தக் கழுவலுக்கும் போகாது, ஈரம் பிடித்துக் குழாயைத் தின்னும். கடற்கரை மணலிலும் ஓட்டுகிறவராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

படுவான்கரை கெப்:
நானா சொன்னது சொன்னபடி. டாங்கிக்கு மேலே இரண்டு விரல் தடிப்புக்குக் காய்ந்த சேறு, புல் கூட முளைத்திருந்தது. தட்டிவிட்டுப் பார்த்தால் எடுக்கிற குழாய் செதில் செதிலாகத் துரு. நகத்தால் சுரண்டின இடத்தில் ஊசி ஓட்டை. உள்ளே இருக்கிற வலையில் கறுப்புக் களி. அது 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்தில் கேனிலும் பீப்பாயிலும் வைத்து ஊற்றின டீசலின் மிச்சமாக இருக்கும் என்று அப்பா சொல்கிறார்.

அக்கரைப்பற்று டீசல்:
அதனால்தான் ஏற்றத்தில் சோர்ந்தது. வலை அடைத்தால் பம்ப் கூடப் பலத்தோடு உறிஞ்சும். கூட உறிஞ்சினால் ஊசி ஓட்டையால் கூடக் காற்று வரும். சமதரையில் மெதுவாகப் போகும்போது தெரியாது, முழு டீசல் கேட்கிற இடத்தில்தான் காட்டும். துருப் பிடித்த துண்டை வெட்டி அதே அளவு இரும்புக் குழாய் போடுங்கள். டாங்கியோடு வைத்து வெல்டிங் பண்ண யார் சொன்னாலும் விடாதீர்கள், காலியான டாங்கிதான் வெடிக்கும். ஹோஸ் எல்லாம் புதிதாக, டீசலுக்கென்றே வருகிறதைப் போடுங்கள்.

கல்லடிப் பாலம்:
டர்போக் கதையை வாபஸ் வாங்குகிறேன்.

படுவான்கரை கெப்:
குழாய் மாற்றி, டாங்கி கழுவி, பில்டரும் இன்னொரு தடவை மாற்றினேன். கரடியனாறு வரை மூட்டை ஏற்றிக்கொண்டு போய் வந்தேன், நாலாம் கியரில் இழுக்கிறது. குழாயில் ஒரு குமிழி இல்லை. முன் டிஃப் ஒயில் பால் தேநீர்தான், மாற்றியாயிற்று. பின்னது பரவாயில்லை. பம்பைத் தொடவே இல்லை.

ஒரு சின்னச் சந்தேகம். காலையில் இரண்டாம் செல்ப்பில் பிடிக்கிறது, ஆனால் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகையோடு உதறி, மறுகா சரியாகிறது.

அக்கரைப்பற்று டீசல்:
ஹீட்டர் பிளக், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளே சூடாக்குவது. மேலே இருக்கும் இணைப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு நாலையும் மீற்றரில் ஒவ்வொன்றாக அளவுங்கள். நல்லது ஒரு ஓமுக்குக் கிட்டக் காட்டும். செத்தது ஒன்றுமே காட்டாது.

படுவான்கரை கெப்:
இரண்டு செத்திருக்கிறது. நாளைக்குக் கல்முனைக்குப் போகிறேன், நாலையும் மாற்றிவிடுகிறேன்.