புதுப்பிப்பு: கடைசிக்கால ஏற்பாடு பற்றி அப்பாவிடம் எப்போது பேசுவது?

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். இப்போதே பேசலாமா, கீமோ முடியட்டுமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ஒரே யோசனைதான். 'இன்னும் எத்தனை நாள்' என்று கேட்காமல், 'ஒரு வருஷத்துக்குள் அப்பா இல்லாமல் போனால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா' என்று டாக்டரிடம் கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "இருக்காது" என்றார். அன்றே வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற பாலியேட்டிவ் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்தார். அதற்காகக் கீமோவை நிறுத்த வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை வந்த பிறகு அப்பா ராத்திரி தூங்குகிறார். (மார்ஃபினால் மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள்.)

எதிர்பாராதது இதுதான்: நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தால், அப்பா தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். பின்பக்கம் லாக்கர் எண், எல்.ஐ.சி. பாலிசி, அப்புறம் 'வென்டிலேட்டர் வேண்டாம், மாம்பலம் வீடு போதும்'. "நீ பயந்துடுவேன்னுதான்டா சொல்லலை."

அதையே முறையாக எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினோம். இப்படி முன்கூட்டியே எழுதிவைப்பதை (லிவிங் வில்) அனுமதித்த 2018 தீர்ப்பின்படி மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தி, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்றது. அப்பாவால் பேச முடியாமல் போனால் முடிவெடுக்க என் பெயரும் அக்கா பெயரும் இருக்கின்றன. ஒரு நகல் குடும்ப டாக்டரிடம் கொடுத்தாயிற்று.